மிதவாதிகளைத் தோற்கடித்தவர்கள் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கை இனப்பிரச்சினை பற்றிய தங்கள் தலையங்கம், ஆயுதக் குழுக்கள் எழுந்ததாலேயே மிதவாதிகள் தோற்றார்கள் என்று முடிகிறது. விளைவைக் காரணமாக அது எடுத்துக்கொண்டுவிட்டதாக எனக்குப் படுகிறது. ஆயுதம் தலைதூக்குவதற்கு வெகு முன்பே, பேசத் தயாராக இருந்தவர்களை அவரவர் பக்கத்தாரே காலை வாரிவிடத் தொடங்கியிருந்தார்கள்.

இலங்கைக்குக் கூட்டாட்சியே பொருந்தும் என்று 1926-இலேயே வாதிட்டவர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கா. முப்பது ஆண்டுகள் கழித்துத் சிங்களம் மட்டுமே அரசமொழி என்ற தனிச் சிங்கள முழக்கத்தோடு ஆட்சிக்கு வந்த அவர், கூட்டாட்சி கேட்ட தமிழரசுக் கட்சியின் தலைவர் செல்வநாயகத்துடன், தமிழ்ப் பகுதிகளுக்கு ஓரளவு அதிகாரம் தரும் ஒப்பந்தத்தை 1957 ஜூலையில் செய்துகொண்டதும், அதை எதிர்த்து ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே.ஆர். ஜெயவர்த்தன கண்டிக்கு நடைப்பயணம் கிளம்பினார். அடுத்த ஏப்ரலில் பிக்குகள் வீட்டு வாசலில் வந்து அமர, பிரதமர் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். அடுத்த மாதமே கலவரம் மூண்டது. அவ்வளவு பணிந்தும் அவர் தப்பவில்லை. 1959-இல் அவரைச் சுட்டவர் ஒரு பிக்கு.

1965-இல் பிரதமரான டட்லி சேனநாயக்கா அதே ஆண்டு செல்வநாயகத்துடன் செய்த உடன்பாடும் இவ்வாறே கைவிடப்பட்டது. 'டட்லியின் வயிற்றில் மசாலா வடை' என்று, தமிழருக்கு விட்டுக்கொடுத்தவராக அவரைப் பழித்துத் தெருவில் எழுந்த கேலிக் குரலில் இடதுசாரிகளின் குரலும் கலந்திருந்தது என்பதுதான் வேதனை. ஒரு மொழி என்றால் இரு நாடு, இரு மொழி என்றால் ஒரு நாடு என்று 1956-இல் எச்சரித்த இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வாவே, சிங்களத்தை மட்டும் அரசமொழியாக்கி, பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்த 1972 அரசியலமைப்பை உருவாக்கிய அமைச்சரானார். ஆட்சிக் கூட்டில் நீடிக்க அவர் கொடுத்த விலை அது என்றே நான் கருதுகிறேன்.

அந்த அரசியலமைப்பை எதிர்த்து, மக்களின் தீர்ப்பைக் கேட்கத் தம் பதவியைத் துறந்தார் செல்வநாயகம். இடைத்தேர்தலோ 1975 பெப்ரவரியில்தான் நடந்தது, பெருவாரியாக வென்றார். ஒரு வாக்குச் சீட்டுக்கே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டுமென்றால், தமிழ் மாணவர்களிடம் கூடுதல் மதிப்பெண் கேட்ட 'தரப்படுத்தல்' முறையால் பல்கலைக்கழக இடத்தை இழந்த இளைஞன் எதை நம்பிப் பொறுத்திருப்பான்? மறு ஆண்டு வட்டுக்கோட்டை மாநாட்டில், கூட்டாட்சி கேட்டவர்களே தனிநாடு கேட்டார்கள்.

தமிழ்த் தலைவர்களின் பிழையையும் மறைப்பதற்கில்லை. மாற்றுக் கருத்துடைய தமிழர்களை அவர்களின் மேடைகள் 'துரோகி' என்றன. இளைஞர்கள் விரலைக் கீறி இரத்தப் பொட்டு இட்டபோது தலைவர்கள் நெற்றியைக் காட்டி நின்றார்கள். ஆயினும் 1977 தேர்தலில் 18 இடங்களை வென்று, அவர்களுடைய தமிழர் விடுதலைக் கூட்டணியின் தலைவர் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்தது நாடாளுமன்றத்தில்தான், காட்டில் அல்ல. 1983 ஜூலைக் கலவரத்தின் சாம்பல் ஆறுமுன், பிரிவினையை ஆதரிப்பதில்லை என்று சத்தியம் செய்யக் கோரும் ஆறாவது திருத்தத்தைக் கொண்டுவந்து, அவர்களை அங்கிருந்தும் வெளியேற்றியது அரசு. அடிபட்ட மக்களுக்காகச் சபையில் பேச ஆளில்லாத அந்த மாதங்களில்தான் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக ஆயுத இயக்கங்களில் சேர்ந்தார்கள்.

'துரோகி' என்ற சொல்லும் சொன்னவர்களிடமே திரும்பி வந்தது. 1989 ஜூலையில், பேச வந்திருப்பதாகச் சொல்லிக் கொழும்பு வீட்டுக்குள் நுழைந்த விடுதலைப் புலிகள் அமிர்தலிங்கத்தைச் சுட்டுக்கொன்றார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
யாழ்ப்பாணம்.