பதுவைச் சட்டத்தையும் ஒரு நாள் சொல்லுங்கள்

எங்கள் பங்கின் திருவிழாக் குழுவினருக்கு,

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

ஜூன் 13 புனித அந்தோணியார் திருவிழாவுக்கான நவநாள் மறையுரைத் தலைப்புகளை முடிவு செய்ய இந்த வாரம் கூடப்போகிறீர்கள். அதற்கு முன் இதை வாசித்துவிடுங்கள்.

செவ்வாய்க்கிழமைகளில் மன்றாட்டுப் பெட்டியைத் திறந்து சீட்டுகளைப் பிரித்து வைப்பவள் நான். பிள்ளை வரம், போன படகு நல்லபடியாகக் கரை சேர, மகனுக்கு வேலை என்று எல்லாம் வரும். அதிகம் வருவது ‘கடன் தீர வேண்டும்’. போன மாதம் ஒரு சீட்டு, நகை அடகு ரசீதின் ஜெராக்ஸ் பின்பக்கத்தில் எழுதியிருந்தது. பெயர் இருந்த மேல்பகுதியைக் கிழித்துவிட்டிருந்தார்கள். ‘அந்தோணியாரே, என் தாலிச் செயின்’ என்பதோடு எழுத்து நின்றுவிட்டது.

அந்தோணியாரின் மறையுரையை மீன்கள் கேட்டதும், நற்கருணை முன் கழுதை மண்டியிட்டதும் வருடந்தோறும் மேடையில் வருகின்றன. எனக்கும் பிடித்த கதைகள்தான். ஆனால் இந்தச் சீட்டை எழுதியவருக்குச் சொல்ல வேண்டியது வேறொன்று இருக்கிறது.

1231 தவக்காலத்தில் அந்தோணியார் இத்தாலியின் பதுவை நகரில் நாள்தோறும் மறையுரை ஆற்றினார். கோயில் கொள்ளாமல் கூட்டம் வெட்டவெளிக்குப் போனது. கடனைக் கட்ட முடியாதவரை அந்த ஊரில் சிறையில் போடுவார்கள். உள்ளே கிடப்பவர் எப்படிச் சம்பாதித்து அடைப்பார்? அந்த மார்ச் மாதத்தில் நகராட்சி ஒரு சட்டம் இயற்றியது: கடன்பட்டவரோ பிணை நின்றவரோ தம் சொத்தை ஒப்படைத்துவிட்டால், அதற்குமேல் அவரைச் சிறையில் வைக்கக் கூடாது. அந்தோணியாரின் வேண்டுகோளால் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மூன்றே மாதத்தில், ஜூன் 13 அன்று, பதுவைக்கு வெளியே ஆர்செல்லாவில் அவர் இறந்தார். அடக்கம் செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை. நம் செவ்வாய் நவநாள் அங்கிருந்து வந்ததுதான். ஒரு வருடம்கூட ஆகாமல், 1232 மே 30 அன்று திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி அவரைப் புனிதராக அறிவித்தார்.

பதுவைப் பேராலயப் பீடத்தில், அந்தோணியாரின் புதுமை ஒன்றைக் காட்டி, சிற்பி தொனாத்தெல்லோ வடித்த வெண்கலச் சிற்பம் ஒன்று உண்டு. செத்துப்போன கஞ்சனின் நெஞ்சைப் பிளந்து பார்க்கிறார்கள். உள்ளே இதயம் இல்லை. அது அவன் பணப்பெட்டிக்குள் கிடக்கிறது. பிள்ளைகளுக்குக்கூடச் சட்டென்று புரியும் கதை. நாடகமாகவே போடலாம்.

நான் கேட்பது ஒரே ஒரு நாள். அன்றைய மறையுரை இந்தச் சட்டத்தைப் பற்றி இருக்கட்டும். அன்று விழும் காணிக்கையை ஏழைகளுக்கு உதவும் நம் வின்சென்ட் தே பவுல் சபை வழியாக, வட்டியில் மாட்டிக்கொண்ட குடும்பங்களின் நகையை மீட்கக் கொடுங்கள். அசன விருந்துக்கோ தேருக்கோ ஒரு ரூபாயும் குறைய வேண்டாம். அன்றைய உபயத்தை எங்கள் வீட்டிலேயே ஏற்றுக்கொள்கிறோம்.

அந்த ஜெராக்ஸைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அடகுக் கெடு ஜூலை மாதத்தோடு முடிகிறது.

இப்படிக்கு,
செவ்வாய் நவநாள் மன்றாட்டுப் பெட்டியைத் திறப்பவள்