அத்தானுக்கு, வேன் இன்வெர்ட்டர் பற்றி

சிங்கப்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலம். அக்காவும் பிள்ளைகளும் நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன்.

வேனில் இன்வெர்ட்டர் நின்றுவிட்டது, கடைக்காரர் பார்த்துவிட்டுப் புதிது வாங்கச் சொல்லிவிட்டார் என்று அக்கா சொன்னாள். கார்த்திகை பிறந்தால் சபரிமலை சவாரி வரிசையாக வரும். வழியில் சமைத்துச் சாப்பிட்டு, வண்டியிலேயே படுத்து வருகிற சாமிமார்களுக்கு மிக்சியும் விளக்கும் இல்லையென்றால் எவ்வளவு சிரமம்! ஆனாலும் அவசரப்பட்டுப் பணத்தைக் கொட்டிவிடாதீர்கள். போனில் சொன்னால் பாதி காதில் விழாது என்பதால் எழுதுகிறேன். இந்தக் கடிதம் வண்டியிலேயே இருக்கட்டும்.

இங்கே எங்கள் கம்பெனி லாரியிலும் அதே வகைதான். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 230 வோல்ட் தருவது. அடுக்குமாடிக் கட்டடங்களில் பராமரிப்பு வேலை என்பதால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு வேலை செய்யும் இடங்களில் அதுதான் கை கொடுக்கிறது. சில மாதங்களுக்கு முன் கட்டிங் மிஷினைப் போட்டதும் கூவிவிட்டு அணைந்தது. பேட்டரியில் மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட். பேட்டரி நன்றாக இருக்கிறது, இன்வெர்ட்டர்தான் போய்விட்டது என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

எங்களோடு வேலை செய்யும் சீனப் பெரியவர் ஒருவர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. மீட்டரை இன்வெர்ட்டரின் முனையிலேயே வைத்து, மிஷினை மறுபடி ஓட்டச் சொன்னார். முள் பத்துக்கு இறங்கியது. பிறகு மிஷினை நிறுத்திவிட்டு, கேபிளைப் பேட்டரியிலிருந்து ஒவ்வோர் அங்குலமாகக் கையால் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் கை நின்றது. கேபிள் நுனியில் அழுத்திப் பொருத்துகிற உலோக வளையமான லக்குக்குப் பக்கத்தில் கருப்பு உறை சுட்டது. உறையைக் கத்தியால் கீறினால் உள்ளே செம்பு பச்சை பூத்து, பாதி இழை பொடிந்து கிடந்தது. இந்த ஊர்க் காற்றில் வருடம் முழுக்க ஈரம்தான். அந்த முனையை வெட்டிப் புது லக் வைத்து அழுத்தியதும் இன்வெர்ட்டர் ஓடியது. இன்றுவரை ஓடுகிறது.

இதில்தான் விஷயம் இருக்கிறது. உங்கள் மிக்சி 750 வாட். வீட்டில் அது மூன்று ஆம்பியர் சொச்சம்தான் இழுக்கும். அதே மிக்சி வேனில் ஓடினால், இன்வெர்ட்டருக்குள் வீணாவதையும் சேர்த்து, பேட்டரியிலிருந்து 70 ஆம்பியர் போகும். கேபிளில் எங்காவது 0.02 ஓம் தடை இருந்தால் போதும், 1.4 வோல்ட் அங்கேயே காலி. நூறு வாட் அளவுக்குச் சூடு வேறு. பல இன்வெர்ட்டர்கள் 10.5 வோல்ட் வந்ததும் தம்மைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். வாய்க்கால் தூர்ந்து கிடக்கும்போது பம்புசெட்டைக் குறை சொல்லி என்ன பயன்? கடைக்காரர் மிக்சி எதையும் ஓட்டாமல் அளந்திருப்பார் என்றே நினைக்கிறேன். சும்மா நிற்கிற பேட்டரி நல்ல வோல்ட் காட்டும், அதை நம்பக் கூடாது.

முதலில் இரவு முழுக்க வண்டியை நிறுத்திவைத்துக் காலையில் பேட்டரியை அளந்து பாருங்கள். 12.6 இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. இஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி ஏறவில்லையென்றால் பேட்டரிக்குச் சார்ஜே போகவில்லை. அடுத்து, மிக்சி ஓடும்போதே மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் மற்றதை இன்வெர்ட்டர் பிளஸ்ஸிலும் வையுங்கள். மைனஸ் பக்கமும் அப்படியே. கால் வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பக்கத்துக் கேபிளிலோ, லக்கிலோ, ஃபியூஸ் பிடியிலோதான் கோளாறு. பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் சோடா உப்பு கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து, இறுக்கிய பிறகு வாசலைன் தடவுங்கள். அந்த நீர் பேட்டரிக்குள் ஒரு சொட்டும் போகக் கூடாது.

விளக்கே எரியாமல் முழுதாகச் செத்துக் கிடந்தால் பேட்டரி பக்கத்துப் பெரிய ஃபியூஸைக் கழற்றி அளந்து பாருங்கள், கண்ணுக்கு நன்றாகத் தெரிவதுகூடப் போயிருக்கும். அதே அளவு ஃபியூஸ் மட்டும்தான் போட வேண்டும். புதியதும் உடனே எரிந்தால் உள்ளே மின்சாரத்தை ஸ்விட்சு போல விட்டு நிறுத்துகிற மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருக்கும்; அதற்குமேல் நீங்கள் தொட வேண்டாம், ரிப்பேர்காரரிடம் கொடுங்கள். கம்பியைச் சுற்றி ஒப்பேற்றுகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம் அத்தான். எழுபது ஆம்பியர் போகிற இடம், மேலே படுத்திருப்பது பிள்ளைகுட்டிகள்.

பெட்டியையும் திறக்காதீர்கள். பேட்டரியைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கிற கெபாசிட்டரில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். கேபிளைக் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மாட்டும் நேரம் சின்னதாகப் பொறி பறந்தால் பயம் வேண்டாம், கெபாசிட்டர் நிறைகிற பொறிதான் அது. ஆனால் பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது, பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். இங்கே ஒரு ஸ்விட்சை அணைத்தால் அதற்குப் பூட்டுப் போட்டு, பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டு, சாவியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் கம்பியில் கை வைக்க வேண்டும். வந்த புதிதில் இதற்கெல்லாம் நேரமா என்று தோன்றியது. இப்போது அந்தப் பூட்டு இல்லாமல் எனக்குக் கை வராது. நம் ஊரில் போஸ்ட் மரத்தில் ஏறுகிறவர்களை நினைத்தால் மனது பதறுகிறது.

தேக்காவில் பணம் அனுப்பிவிட்டு, ஜாலான் புசார் பக்கம் சிம் லிம் டவர் வரை நடந்துபோய் உங்களுக்கு ஒரு நல்ல மீட்டர் வாங்கினேன். அறையில் இருக்கும் பட்டுக்கோட்டைப் பையன் அடுத்த வாரம் திருச்சி விமானத்தில் வருகிறான், அவனிடம் மீட்டரும் அம்மாவின் தைலமும் இந்தக் கடிதமும் வரும். அளந்து பார்த்துப் பேட்டரி முனையில் எவ்வளவு, இன்வெர்ட்டர் முனையில் எவ்வளவு என்று இரண்டையும் எழுதி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் நேரம் மாலை ஆறு மணிக்குக் கூப்பிடுகிறேன். இங்கே அப்போது எட்டரை, சாப்பிட்டு முடித்திருப்பேன். அதுவரை புதிதுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மைத்துனன்