பி.காம். முடித்துவிட்டேன்: கும்மிடிப்பூண்டி முகாமிலிருந்து நன்றி

என்னைப் படிக்க வைத்த எல்லாருக்கும் வணக்கம்.

2003இல் பொன்னேரி அரசு மருத்துவமனையில் பிறந்தவள் நான். அம்மாவும் அப்பாவும் 1990இல் இலங்கையின் மன்னாரிலிருந்து அகதிகளாகப் படகேறி வந்த குடும்பங்களின் பிள்ளைகள். 1987 ஜூலைக்குப் பிறகு இங்கே பிறந்தவர்களுக்குக் குடியுரிமை கிடைக்க, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் பிறந்த ஊரிலேயே நான் வெளிநாட்டவள்.

கல்லூரி அலுவலகத்து அண்ணாவுக்குத்தான் முதல் நன்றி. சேர்க்கை விண்ணப்பத்தில் இந்தியர் என்று எழுதினால் பொய். வெளிநாட்டு மாணவி என்று எழுதினால், பெயின்ட் அடிக்கப் போகும் அப்பாவால் கட்டவே முடியாத கட்டணம். சாதிச் சான்றிதழ் எண் இல்லாமல் விண்ணப்பம் அடுத்த பக்கத்துக்கும் போகவில்லை. 'நாளைக்கு வாம்மா' என்று அவர் அனுப்பியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ என்னை உட்கார வைத்து, வட்டாட்சியர் அலுவலகத்துக்கு போன் போட்டு, "நம்ம பிள்ளை சார், ஒரு வழி சொல்லுங்க" என்றார். என் அகதி அட்டையின் நகலை வைத்துக் கடிதம் எழுதி, கல்லூரி முதல்வரிடம் அவரே கையெழுத்தும் வாங்கி வந்தார். அண்ணா, அந்த 'நம்ம பிள்ளை'யை நான் மறக்கவே மாட்டேன்.

முகாமில் ஆள் கணக்கெடுக்கும் செக்கிங் நடக்கும் நாட்களில் எல்லாரும் வீட்டில் இருந்தாக வேண்டும். தேர்வு நேரத்தில்கூட அது வரும். அப்போதெல்லாம் காரணம் கேட்டு என்னைக் கூனிக் குறுக வைக்காமல், விட்டுப்போன பாடத்தை மதிய இடைவேளையில் சொல்லிக் கொடுத்த துறைத் தலைவர் மேடத்துக்கு நன்றி.

நான் சேர்ந்த 2021இல்தான் முகாம் மாணவர்களுக்கான கலை, அறிவியல் படிப்பு உதவித்தொகையை 3,000 ரூபாயிலிருந்து 12,000 ஆக உயர்த்துவதாகத் தமிழக அரசு அறிவித்தது. எங்கள் வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை. முகாம் பிள்ளைகளின் படிப்புக்காக 1984 முதல் உழைத்துவரும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்துக்கும் நன்றி. அப்புறம், ரயில் சீசன் டிக்கெட்டுக்குச் சீட்டுப் பணத்தில் கைமாற்றுக் கொடுத்த எங்கள் லைன் அக்காமார் எல்லாருக்கும்!

இந்த வருடம் பிளஸ் டூ முடித்த தம்பி தங்கைகளே, விண்ணப்பம் எந்தப் பக்கத்தில் நின்றாலும் சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வாருங்கள். அண்ணா எழுதிய கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது.