படுவான்கரை வாய்க்கால் வீதிகளைக் கிரவலாகவே விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பில் சைக்கிளுக்குத் தனிப்பாதை வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் கல்லடி, பாசிக்குடா என்று கடலோரத்தையே காட்டுகிறார்கள். புதிதாக ஒரு முழமும் வெட்டத் தேவையில்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் உன்னிச்சை, நவகிரிக் குளங்களின் கீழும், தெற்கே கல்லோயா இடதுகரை வாய்க்கால்களின் ஓரத்திலும், நீர்ப்பாசன வேலைக்கென்று போட்ட கிரவல் (சரளைமண்) வீதிகள் கிளைகிளையாகக் கிடக்கின்றன. விதைப்பும் வெட்டும் இல்லாத காலத்தில் அவற்றில் எதிரே வருவது ஒரு மோட்டார் சைக்கிள், இல்லையென்றால் ஒரு மாட்டுப் பட்டி. இவற்றுக்குக் காப்பட் (தார்க்கலவை) போடாமல், கிரவலாகவே ஒழுங்காகப் பேணி, மண் டிப்பர் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பதே எங்கள் கோரிக்கை.

வாவிக்குக் கிழக்கே, கடலோரமாக உள்ள எழுவான்கரையிலிருந்து அங்கே போக நாலு வாசல் உண்டு. வலையிறவுப் பாலத்தால் வவுணதீவுக்குப் போகலாம். 2014இல் திறந்த மண்முனைப் பாலத்தால் கொக்கட்டிச்சோலைக்கும், பட்டிருப்புப் பாலத்தால் போரதீவு, வெல்லாவெளிப் பக்கத்துக்கும், கல்முனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியால் (வெள்ளம் மேலால் பாயும் தாழ்ந்த பாதை) நாவிதன்வெளிக்கும் போகலாம். ஒன்றால் போய் இன்னொன்றால் திரும்புவதுதான் நல்ல ஓட்டம். பாலங்களை ஒட்டிய பிரதான வீதியில் பஸ்ஸும் டிப்பரும் ஓடும். அந்தத் துண்டை விடியலிலேயே கடந்துவிட வேண்டும்.

இப்படிக் கிரவலில் ஓடுவதற்கென்று வெளிநாடுகளில் தனியாகச் சைக்கிள் செய்து விற்கிறார்கள். அவற்றின் டயர் அகலம் பெரும்பாலும் 35 முதல் 50 மில்லிமீற்றர். நம் வயற்காரர் உரமூட்டை கட்டிக்கொண்டு போகும் பழைய 28 அங்குலச் சைக்கிளின் ஒன்றரை அங்குல டயரும் ஏறத்தாழ 40 மில்லிமீற்றர்தான். ஆகவே விலை கூடிய சைக்கிள் இல்லையே என்று யாரும் ஒதுங்கி நிற்க வேண்டாம். கவனிக்க வேண்டியது காற்றை. கடையில் கல்லுப்போல அடித்துவிட்டால் கிரவலில் சில்லு துள்ளும், கை விறைக்கும். 70 கிலோ எடையுள்ளவருக்கு அந்த ஒன்றரை அங்குல டயரில் பின்னால் 45, முன்னால் 40 இறாத்தல் (psi) அளவில் இருந்தால் சரி. 26 அங்குலத் தடித்த டயரென்றால் 30 முதல் 35. இதற்கும் கீழே இறக்கினால் கல்லுக்கும் ரிம்முக்கும் இடையில் டியூப் நசிந்து, அருகருகே இரண்டு துளை விழும். ஒற்றைத் துளையென்றால் அநேகமாக நெருஞ்சி முள். அப்போது டியூப்பை ஒட்டுமுன் டயரின் உட்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்து முள்ளைப் பிடுங்க வேண்டும். அதை விட்டுவிட்டால் ஒட்டின கையோடு மறுபடி காற்றுப் போகும். ஒட்டு கழன்று வருவதற்குப் பெரும்பாலும் தூசியும் அவசரமும்தான் காரணம். அரத்தாள் தேய்த்து, துடைத்து, சொலூஷன் விரலில் ஈரமாக ஒட்டாத பதம் வந்த பிறகே ஒட்டை வைத்து அழுத்த வேண்டும்.

செயினுக்குப் பழைய எஞ்சின் ஒயில் ஊற்றும் வழக்கத்தை இந்த வீதிகளில் விட்டுவிட வேண்டும். கிரவல் தூசி அதில் ஒட்டிப் பல்லையும் செயினையும் அராவித் தின்றுவிடும். மெல்லிய ஒயில் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, வெளியே வழிவதைத் துணியால் துடைத்துவிட்டால் போதும்.

பெரும்போக வெட்டு முடிந்து சிறுபோக உழவு தொடங்குமுன் வரும் பங்குனி வாக்கில் வீதி இறுகி, தூசியும் குறைவாக இருக்கும். ஆண்டில் அதுதான் சிறந்த காலம். வைகாசிக்குப் பிறகு கச்சான் எழும். மேற்கிலிருந்து வரும் காய்ந்த காற்று; காலையிலேயே அதற்கு எதிராகப் போய்விட்டால் திரும்பும்போது அது முதுகில் தள்ளும். மாறிப் போனவர்கள் வெயிலில் தண்ணீரும் முடிந்து தவிப்பார்கள். நாலு மணிநேர ஓட்டத்துக்கு ஒருவருக்கு 3 லீற்றர் தண்ணீர் வேண்டும். வாய்க்கால் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, வயலுக்கு அடித்த மருந்து கலந்திருக்கும். துருசடியில் (மதகடியில்) கால் கழுவவும் இறங்கக் கூடாது, முதலை கிடக்கும்.

ஐப்பசி தொடக்கம் தை வரை இந்த வீதிகள் சைக்கிளுக்கு உதவா. குளம் நிரம்பி வான் பாயும் நாட்களில் தாம்போதியை யாரும் கடக்கவே கூடாது. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளித் தாம்போதியில் மாணவர்களோடு போன உழவு இயந்திரத்தையே வெள்ளம் இழுத்துச் சென்றதே! முழங்காலளவு ஓட்டமும் சைக்கிளோடு நிற்பவரைச் சாய்த்துவிடும்.

யானை இதைவிடப் பெரிய விடயம். குளத்தோரமும் மின்வேலிக்கு அப்பாலும் காலை ஏழு மணிக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னும் போகக் கூடாது. வயல் காவலர் போக வேண்டாம் என்றால் அந்த வீதி அன்றைக்கு இல்லை, அவ்வளவுதான். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓடுவோருக்கு இந்த வீதிகள் வேண்டவே வேண்டாம்.

இனிப் பராமரிப்பு. கிரவல் வீதி பழுதாவதற்கு மழையைக் குறை சொல்வார்கள். நடு உயர்ந்து இருபுறமும் தண்ணீர் வடிந்தால் மழை அதை ஒன்றும் செய்யாது. நூற்றுக்கு ஐந்து சரிவு வேண்டும். 3 மீற்றர் அகல வீதியென்றால் நடுப்பகுதி ஓரத்தைவிட ஏழரை சென்ரிமீற்றர் உயரம். தட்டையாகப் பரப்பினால் தேங்கிய இடமெல்லாம் குழியாகும். கிரவலில் களி குறைந்தால் கல் உருளும், கூடினால் மழையில் வழுக்கும். கொட்டுமுன் ஒரு பிடியை நனைத்துப் பொத்திப் பார்க்கலாம்: உருண்டை உடையாமல் நிற்க வேண்டும், உள்ளங்கையில் அப்பவும் கூடாது. 2 மீற்றர் அகலம், இறுகிய பின் 10 சென்ரிமீற்றர் தடிப்பு என்றால் ஒரு கிலோமீற்றருக்கு உதிரியாக ஏறத்தாழ 88 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) கிரவல் செல்லும், அதாவது 3 கியூப் டிப்பரில் 30 நடை. தண்ணீர் தெளித்து ஈரத்தோடு உருளை ஓட்ட வேண்டும். ஆண்டு முடிவதற்குள் ஒதுக்கீட்டைச் செலவழிக்க வேண்டுமென்று கார்த்திகையில் கொட்டிப் பரப்புவது பணத்தை வாய்க்காலில் போடுவதற்குச் சமம். ஆவணியில் முடிக்க வேண்டிய வேலை அது.

வீதியை உடைப்பது ஆற்றுமண் ஏற்றும் டிப்பரும், சேற்றில் உழும் இரும்புச் சில்லைக் கழற்றாமல் வாய்க்கால் கட்டின்மேல் ஏறும் உழவு இயந்திரமும். முதலாவதைத் தடுக்க வாயிலில் ஒன்றரை மீற்றர் இடைவெளி விட்டுத் தூண் நட்டால் போதும். சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் கைஉழவு இயந்திரமும் போகும், டிப்பர் போகாது. ஆனால் வெட்டு மெசினும் பெரிய உழவு இயந்திரமும் வயலுக்கு இறங்க வேண்டுமே. ஆகவே ஒரு தூண் கழற்றக் கூடியதாக இருக்க வேண்டும். திறப்பு அந்த வயற்கண்டத்தில் நீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானையிடம் இருக்கட்டும். தூணை இறக்கும் குழாயின் அடியில் நீர் வடிய வழி விடாவிட்டால் ஒரே மழையில் சேறு அடைத்து இறுகிவிடும். இரவில் மோட்டார் சைக்கிள் மோதாமல் ஒளி தெறிக்கும் சிவப்புப் பட்டியும் வேண்டும்.

வீதி விவசாயிக்கே முதலில் உரியது. மாட்டுப் பட்டி வந்தால் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும், மணி அடித்து மாட்டை மிரட்டக் கூடாது. வரம்பில் சைக்கிள் ஏற்றுவது மன்னிக்க முடியாத வேலை.

தூணையும் திறப்பையும் பேசப் புதிய குழு எதுவும் தேவையில்லை. பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநல உத்தியோகத்தர், கமக்காரர் அமைப்புகள் எல்லோரும் ஒரே மண்டபத்தில் இருப்பார்கள். ஒவ்வொரு குளத்தின் கீழும் ஒரு வாய்க்கால் வீதியை மட்டும் அங்கே தெரிந்தெடுத்து ஒரு போகத்துக்குச் சோதித்துப் பார்க்கலாம். நீர் திறக்கும், பூட்டும் திகதிகளைத் தீர்மானிப்பதும் அதே கூட்டம்தான். அவற்றை வீதி வாயிலில் பலகையில் எழுதி வைத்தால் எப்போது வரக்கூடாதென்று சைக்கிள்காரருக்கும் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
சைக்கிளோட்டிகள் சிலர்,
மட்டக்களப்பு