ஓசூரில் ஷிஃப்ட்டுக்குப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

"இனிமே இனிப்பையே தொடமாட்டேன்க்கா" என்று போனில் சொன்னாய். அப்போது ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன், அதனால்தான் இப்போது எழுதுகிறேன். ரத்தச் சர்க்கரைக்கு எடுத்த எச்பிஏ1சி டெஸ்டில் 6.1 சதவீதம் வந்திருக்கிறது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தின கட்டம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். முப்பது வயதுகூட ஆகாத உனக்குப் பயம் வரத்தான் செய்யும். ஆனால் நீ எடுத்த சபதம் எனக்குப் பிடிக்கவில்லை. சாப்பாட்டின் கடைசி வாய்க்கு இனிப்பு தேடுகிற வீட்டில் பிறந்தவன் நீ. சபதம் கொஞ்ச நாள் நிற்கும். அப்புறம் ஒருநாள் நைட் ஷிஃப்ட் முடிந்து வரும்போது பேக்கரி வாசலில் உடையும். உடைந்த பிறகு, போனது போச்சு என்று ஒரு துண்டு சாப்பிட வேண்டிய இடத்தில் முழு தில்பசந்தையும் சாப்பிடுவாய். அந்தப் 'போனது போச்சு'தான் எனக்குப் பயம்.

உன்னிடம் கேட்டுக்கொண்டுதான் இதைப் பொதுவில் போடுகிறேன். உன்னோடு வேலை பார்க்கிற பசங்களில் பல பேருக்கு இதே நிலைமை என்று சொன்னாயே, அவர்களும் படிக்கட்டும்.

முதலில் டீயைப் பார். எழுந்ததும் ஒன்று, கம்பெனி பஸ் ஏறும் முன் ஒன்று, பிரேக்கில் இரண்டு, ரூமுக்குத் திரும்பும்போது ஒன்று. கடையில் கிளாஸுக்கு எப்படியும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போடுவார்கள். ஆக 10 ஸ்பூன், 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015ல் ஒரு அளவு சொன்னது. உணவில் நாம் சேர்க்கிற சர்க்கரை, தேன், பழச்சாற்றில் இருக்கிற சர்க்கரை எல்லாம் சேர்ந்து ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. அந்த 5 சதவீதம் என்பது ஏறக்குறைய 25 கிராம், ஆறு ஸ்பூன். நீ ஒரு இனிப்பும் சாப்பிடாமலேயே டீயில் அதைத் தாண்டிவிடுகிறாய். அந்தப் பத்து ஸ்பூனில் ஒன்றாவது, 'ஆஹா, இனிப்பு சாப்பிட்டோம்' என்ற திருப்தியைக் கொடுத்ததா? உடம்புக்குள் போனதே தெரியாத சர்க்கரை அது. கை வைக்க வேண்டியது அங்கேதான். "சர்க்கரை கம்மியா, மாஸ்டர்" என்று சொல்லிப் பழகு. இரண்டை ஒன்றரை ஆக்கு, பிறகு ஒன்று, பிறகு அரை. சில வாரத்தில் நாக்கு பழகிவிடும். அதற்கப்புறம் பழைய டீயைக் குடித்தால் உனக்கே திகட்டும்.

அதோடு, ரூமில் வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திவிட்டு நாட்டுச் சர்க்கரை வாங்கி வைத்திருக்கிறேன் என்றாய். கரும்பு விளைகிற ஊர்க்காரி நான், வெல்லத்தை யாரும் குறை சொன்னால் எனக்கே பொறுக்காது. ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன். 100 கிராம் சர்க்கரையில் 400 கலோரி என்றால் வெல்லத்தில் சுமார் 380. ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் இரண்டும் அண்ணன் தம்பிதான். கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் தாது இருக்கிறது, அதற்காக இரண்டு மடங்கு போட்டுக்கொள்ள முடியாது. மணத்துக்கும் ருசிக்கும் வெல்லம் வாங்கு. வாங்கும்போது கறுத்ததாகப் பார்த்து வாங்கு, பளிச்சென்று மஞ்சளாக வர ஹைட்ரோஸ் என்கிற வெளுக்க வைக்கும் ரசாயனத்தைக் கலக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சுகர் ஃப்ரீ பிஸ்கட் வேண்டவே வேண்டாம். சர்க்கரை இல்லை, சரி, மைதா இருக்கிறதே. எடை குறைக்க வேண்டி செயற்கை இனிப்பூட்டிகளைச் சேர்க்க வேண்டாம் என்று 2023ல் அதே உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது.

பிறகு எதைத்தான் சாப்பிடுவது என்கிறாயா? சிமிலி. ராகி அடையோடு கடலையும் வெல்லமும் சேர்த்து இடித்து அம்மா உருண்டை பிடிப்பாளே, அதே சிமிலிதான், அளவை மட்டும் மாற்றிவிட்டேன். அம்மா ஒரு கப் ராகி மாவுக்கு ஒரு கப் வெல்லம் போடுவாள். நான் கால் கப்தான் போடுகிறேன், கடலையை அரை கப்பாக ஏற்றி, இரண்டு ஸ்பூன் எள்ளும் சேர்த்துக்கொள்கிறேன். மாவில் ஒரு சிட்டிகை உப்பு போட்டு, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, தோசைக்கல்லில் மெல்லிய அடையாகத் தட்டு. ஓரத்தில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, இரண்டு பக்கமும் புள்ளி புள்ளியாகச் சிவக்க விடு. சூடு இருக்கும்போதே பிய்த்துவிட வேண்டும், ஆறினால் விறைத்துக்கொள்ளும். வேர்க்கடலையை வறுத்துத் தோலை ஊதிவிடு. எள் படபடவென்று வெடிக்கிற வரை வாணலியில் புரட்டு. வீட்டில் என்றால் உரலில் இடிப்போம், உன் ரூமில் மிக்ஸிதான், விட்டு விட்டு ஓட்டு. முதலில் அடை, அப்புறம் கடலையும் எள்ளும், கடைசியில் வெல்லம். கடலை எண்ணெய் கசிந்து கையில் பிசுபிசுக்கிற நேரத்தில் உருண்டை பிடித்துவிடு, அதற்கு மேல் ஓட்டினால் கூழாகிவிடும். பன்னிரண்டு உருண்டை வரும். கால் கப் வெல்லம் சுமார் 50 கிராம், அதாவது ஒரு உருண்டைக்கு 4 கிராம். ஒரு ஸ்பூன் சர்க்கரை அளவில் வாய் நிறைய ருசி கிடைக்கிறது. கடலையும் எள்ளும் இருப்பதால் வயிறும் அடங்கும். 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, எந்த பிஸ்கட்டில் அது கிடைக்கும்? ஒன்றை மட்டும் மறக்காதே, ராகியும் மாவுதான். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு உருண்டை, அவ்வளவுதான். அடையில் ஈரம் இருப்பதால் வெளியில் இரண்டு நாளைக்கு மேல் வைக்காதே.

மாங்காய் சீசனில் என்ன செய்வாய் என்று கேட்கவே வேண்டாம், உன்னை எனக்குத் தெரியும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்துகொண்டு மாம்பழம் சாப்பிடாதே என்று யார் சொல்ல முடியும்? செந்தூராவில் அரைப் பழம், நறுக்கி, மென்று சாப்பிடு. ஜூஸாக அடிக்காதே. மென்று சாப்பிட்டால் நாரோடு சேர்ந்து மெதுவாக இறங்கும், அரைப் பழத்திலேயே மனசு நிறையும். பாட்டிலில் வருகிற மாம்பழ பானம் வேறு சங்கதி. நம் பெங்களூரா மாங்காய்தான் லாரி லாரியாகக் கூழ் ஃபேக்டரிக்குப் போகிறது என்பதால் அதுவும் நம் பழம்தானே என்று நினைத்துவிடாதே. பாட்டிலின் பின்பக்கம் பார். எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். தண்ணீர், மாங்கூழ், சர்க்கரை இந்த மூன்றும் எந்த வரிசையில் இருக்கிறது, 100 மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று நீயே படித்துவிட்டு முடிவு செய். சீசன் இல்லாத மாதங்களில் தினப்படிக்குக் கொய்யா போதும்.

யுகாதிக்குப் பக்கத்து ரூம்காரர்கள் ஒப்பட்டு, அதான் நம்ம போளி, கொடுத்தால் மறுக்காதே. மனசோடு கொடுப்பதை மனசோடு சாப்பிடு. மத்தியானச் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடு, அன்றைக்குச் சோற்றைப் பாதியாகக் குறைத்து, பொரியலைக் கூட்டிக்கொள். வெறும் வயிற்றில் மட்டும் வேண்டாம். தில்பசந்தும் அப்படித்தான். மாதம் ஒருமுறை, இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

நைட் ஷிஃப்ட் வாரத்தில்தான் உனக்கு இனிப்பு ஆசை தலைக்கேறுகிறது, கவனித்தாயா? தூக்கம் குறைந்தால் பசி கூடும், அதுவும் இனிப்புக்கும் மாவுக்கும்தான் நாக்கு அலையும். அது உடம்பின் வேலை, உன் மனசு பலவீனம் என்று உன்னையே திட்டிக்கொள்ளாதே. காலையில் ரூமுக்கு வந்ததும் இரண்டு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சாப்பிட்டுவிட்டு, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டுத் தூங்கு. போனை வேறு மூலையில் வை.

மூன்று மாதம் கழித்து அதே லேபில் மறுபடி டெஸ்ட் எடு. எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சராசரியைத்தான் காட்டும், அதற்கு முன்னால் எடுத்துப் பார்த்துவிட்டு மனசு விட்டுப்போக வேண்டாம். டாக்டர் மாத்திரை எழுதினால் தயங்காமல் போடு. எண் எவ்வளவு வந்தாலும் முதலில் எனக்குச் சொல், அம்மாவிடம் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். புதுக் கடலை காய்கிறது, உரித்ததும் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா
பாலக்கோடு