பூத்த கள்ளி என்று ஒட்டுப்பூவை விற்றது பற்றிய புகார்

அனுப்புநர்: வாடிக்கையாளர், கோயம்புத்தூர்
பெறுநர்: குறைதீர் அலுவலர், இணையவழிச் செடி விற்பனைப் பிரிவு
பொருள்: காய்ந்த பூவை ஒட்டி விற்ற கள்ளிச் செடிக்குப் பணம் திரும்பக் கேட்டு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

கடந்த மார்ச்சில் உங்கள் தளத்தில் ‘பூத்திருக்கும் மாமிலேரியா ஹானியானா, பீங்கான் தொட்டியுடன்’ என்று போட்டிருந்ததைப் பார்த்து, 649 ரூபாய் கட்டி, மதுரையில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன். நான் ஆறு வருடமாக மொட்டைமாடியில் கள்ளி வளர்க்கிறேன். அக்காவுக்கு இதுதான் முதல் கள்ளி.

செடி வந்த அன்றே அக்கா போனில், “மஞ்சள் பூ, அவ்வளவு அழகா இருக்கு” என்றார். எனக்கு அப்போதே இடித்தது. மெக்சிகோவைச் சேர்ந்த இந்தக் கள்ளியின் பூ அடர் ரோஸ் நிறம். சரி, வேறு வகையை மாற்றி அனுப்பிவிட்டீர்கள் போல என்று நினைத்தேன். “வெயில் ஏறினா விரியுது, தண்ணி தெளிச்சா மூடிக்குது” என்று அவர் சொன்னதும் சந்தேகமும் போய்விட்டது. வெயிலுக்கு விரிந்து மூடும் கள்ளிப் பூக்கள் பல உண்டு.

மே மாதம் மதுரைக்குப் போனபோதும் அதே பூ அப்படியே இருந்தது. மாமிலேரியாவின் பூ சில நாட்களில் வாடிவிடும்; இரண்டு மாதம் நிற்காது. லேசாக இழுத்துப் பார்த்தேன். கட்டைவிரல் நகம் அளவுக்குப் பசைக்கட்டியோடு வந்தது. கூடவே உச்சியில் இருந்த வெள்ளை ரோமமும் முட்களும் பிய்ந்து வந்தன. நீங்கள் ஒட்டியிருந்தது ஸ்ட்ரா ஃப்ளவர் என்ற ஆஸ்திரேலியச் செடியின் காய்ந்த பூ. அதன் இதழ் போன்ற செதில்கள் செத்த பிறகும் ஈரம் பட்டால் மூடும், காய்ந்தால் விரியும். உயிருள்ள பூ என்று நம்பித்தான் அக்கா தினமும் காலையில் அதன் பக்கத்தில் போய் நின்றிருக்கிறார். அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

வாடிக்கையாளர் சேவையில் கேட்டதற்கு, “அலங்காரத்துக்காக வைப்பது, செடிக்குப் பாதிப்பு இல்லை” என்று பதில் வந்தது. பாதிப்பு இருக்கிறது. கள்ளியின் வளரும் நுனி உச்சியில்தான் இருக்கிறது. அங்கே புதிதாக உருவாகும் புடைப்புகளின் இடுக்கிலிருந்துதான் பின்னால் மொட்டுகள் வந்து, கிரீடம் மாதிரி வட்டமாகப் பூக்கும். சூடான பசையை அந்த இடத்திலேயே ஊற்றினால், இனி வர வேண்டிய பூவுக்கும் சேர்த்து வழியை அடைத்துவிடுகிறீர்கள்.

அப்புறம் தொட்டி. அடியில் ஓட்டையே இல்லை. மேலே பரப்பிய கூழாங்கற்களையும் பசை போட்டு ஒட்டியிருக்கிறீர்கள், மண் காய்ந்ததா என்று விரல் வைத்துப் பார்க்கக்கூட முடியாது. உடைத்துப் பார்த்தால் உள்ளே வெறும் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), பிழிந்தால் நீர் சொட்டியது. கூட வந்த அட்டையில் ‘தினமும் தண்ணீர் தெளிக்கவும்’ என்று அச்சிட்டிருந்தது. அக்கா அதை ஒரு நாள்கூடத் தவறாமல் செய்தார். செடியின் அடிப்பாகம் பழுப்பாகிக் கொழகொழத்துவிட்டது. பருமணல், செங்கல் துண்டு கலந்த மண்ணில், ஓட்டையுள்ள மண்தொட்டியில் வைத்து, முழுதும் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர் விடச் சொல்லியிருந்தால் இந்தச் செடி பல வருடம் இருந்திருக்கும். அழுகலை வெட்டி எடுத்து, மேல்பாதியை நிழலில் காயவைத்திருக்கிறேன். பிழைக்குமா என்று இப்போது சொல்ல முடியாது.

ஏழு நாள் கெடு முடிந்துவிட்டது என்று பணம் தர மறுக்கிறீர்கள். ஒட்டுப்பூ என்பதே ஏழு நாளில் தெரியாது. விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சொல்கின்றன. புகாருக்கு 48 மணி நேரத்தில் ஒப்புதலும் ஒரு மாதத்தில் தீர்வும் தர வேண்டும் என்பதும் அதே விதிகளில்தான் இருக்கிறது.

எனக்கு 649 ரூபாயும் திரும்ப வர வேண்டும். பூ ஒட்டிய செடிகளை ‘பூத்திருக்கும்’ என்ற பெயரில் விற்பதை நிறுத்துங்கள். அந்த அட்டையை உடனே மாற்றுங்கள். இதே செடியை வாங்கிய மற்றவர்கள் இன்றைக்கும் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார்கள். பசைக்கட்டி, தொட்டி, அட்டை மூன்றின் படங்களையும் இணைத்துள்ளேன். ஒரு மாதத்துக்குள் தீர்வு வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்