புதன்கிழமை வெள்ளைச் சீருடை: பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் ஐயா அவர்களுக்கும் முதல்வர் அம்மா அவர்களுக்கும்,

வணக்கம். புதன்கிழமை டி-ஷர்ட்டும் பேண்ட்டும் இரண்டுமே வெள்ளையாக இருக்க வேண்டும் என்பது நம் பள்ளி விதி. போன புதன்கிழமை பி.டி. பீரியடில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். வெள்ளை டி-ஷர்ட்டோடு வழக்கமான நீல பேண்ட் போட்டு வந்த ஏழாம் வகுப்புப் பெண்கள் சிலரை, பெல் அடிக்கும்வரை மைதான ஓரத்தில் நிற்க வைத்தார்கள். அதில் ஒருத்தி என் மகள். டயரியில் எழுதி அனுப்பினேன். ஒரு கையெழுத்து மட்டும் திரும்பி வந்தது. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன், அட்மின் அழித்துவிட்டார். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். ஆறாம் வகுப்பிலிருந்து பெண் பிள்ளைகள் புதன்கிழமையும் நீல பேண்ட் போட்டு வரட்டும். எந்தப் புதன்கிழமையானாலும் சரி, காரணம் கேட்காமல்.

'அந்த நாட்களில் மட்டும் அம்மாவிடம் கடிதம் வாங்கி வந்தால் விட்டுவிடுவோம்' என்று அலுவலகத்தில் சொன்னார்கள். நல்ல மனதோடு சொன்னதாகவே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் வகுப்பே வெள்ளையில் நிற்கும்போது ஒருத்தி மட்டும் நீலத்தில் நின்றால் என்ன அர்த்தம் என்று கடைசி வரிசைப் பையனுக்குக்கூடத் தெரியும். மைக் வைத்துச் சொல்ல வேண்டியதே இல்லை. அந்தக் கடிதத்தை அவள் யாரிடம் நீட்ட வேண்டும்? பி.டி. சாரிடம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதற்குப் பதில் வயிற்றுவலி என்று வீட்டிலேயே படுத்துக்கொள்ளத்தான் பார்ப்பாள். புதன்கிழமை லீவு லெட்டர்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

கடிதம் எழுத நாள் தெரிய வேண்டுமே, அதுவும் இல்லை. வயதுக்கு வந்த முதல் ஓரிரு வருடங்களுக்கு மாதக் கணக்கு பிடிபடாது. காலையில் ஒன்றுமில்லாமல் கிளம்பியவளுக்கு மூன்றாவது பீரியடில் வரும். அந்தப் பயத்திலேயே என் மகள் புதன்கிழமைகளில் கடைசி பெஞ்சில் போய் உட்காருகிறாள். இன்டர்வலில் தோழியைப் பின்னால் நடந்து வந்து பார்த்துச் சொல்லச் சொல்கிறாள். கபடிக்குக் கூப்பிட்டால் முழங்கால் வலி என்கிறாள். மற்ற நாளெல்லாம் தெருவில் சைக்கிளை விட்டு இறங்காத பெண் இவள். விளையாட்டுக்கென்று வைத்த உடுப்பு, விளையாட்டு நாளில்தான் அவளை ஒரு மூலையில் உட்கார வைக்கிறது.

வெள்ளைக்குப் பேர்போன விம்பிள்டனிலேயே 2023-ல் வீராங்கனைகள் பாவாடைக்குள் அடர்நிற ஷார்ட்ஸ் போட்டுக்கொள்ளலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். அதே ஆண்டு இங்கிலாந்துப் பெண்கள் கால்பந்து அணியும் வெள்ளை ஷார்ட்ஸை விட்டு நீலத்துக்கு மாறியது. நம் பள்ளி மைதானம் அவற்றையெல்லாம்விடப் புனிதமானது என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. பி.டி. சாரே கறுப்பு டிராக் பேண்டில்தான் வருகிறார். அதனால் அவருடைய ஒழுக்கம் ஒன்றும் குறைந்துவிடவில்லையே!

வெள்ளையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்னும் நிறைய இருக்கிறது. இந்த ஊர் போர்வெல் உப்புத் தண்ணீரில் எத்தனை முறை சொட்டு நீலம் போட்டாலும் வெள்ளை மஞ்சளாகத்தான் திரும்பி வருகிறது. ஐப்பசி கார்த்திகையில் ஃபேனுக்கு அடியில்தான் காய வைக்கிறோம். அதையும் நீங்கள் சொல்லும் அந்த ஒரே கடையில்தான் வாங்க வேண்டும், சாக்ஸில்கூடப் பள்ளி லோகோ வேண்டும். அரசு நடுநிலைப் பள்ளியில் சத்துணவுத் திட்டத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 4 செட் சீருடை விலையில்லாமல் கிடைக்கிறது. புதுயுகம் திட்டத்தில் நாப்கினும் கிடைக்கிறது. இங்கே நாங்கள் பணம் கட்டிப் படிக்க வைக்கிறோம், பெண்கள் கழிவறையில் இருக்கும் குப்பைக்கூடைக்கு மூடி கிடையாது. மகளிர் தினத்துக்குக் கோலப்போட்டி மட்டும் அமர்க்களமாக நடக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை நினைவூட்டியே ஆக வேண்டும். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பேண்ட் நிறத்துக்காக ஒரு பெண்ணை வகுப்பே பார்க்க நிற்க வைப்பது எதில் சேரும் என்று நீங்களே சொல்லுங்கள். புகார் கொடுக்க நான் கிளம்பவில்லை. வருடக்கணக்காக உங்களை நம்பித்தான் பிள்ளையை அனுப்புகிறேன்.

புதிதாக எதையும் வாங்கச் சொல்லவில்லை. நீல பேண்ட் ஏற்கெனவே எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அடுத்த ஆண்டு டயரி அச்சுக்குப் போகும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. வருகிற திங்கட்கிழமை அசெம்பிளியில் 'ஆறாம் வகுப்பு முதல் மாணவிகள் புதன்கிழமையும் நீல பேண்ட் அணியலாம்' என்று ஒரே வரியில் அறிவித்தால் போதும். தயவுசெய்து அதைச் செய்யுங்கள். அறிவிக்கும்போது ஏன் என்று விளக்கவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா

பி.கு.: பதிலை என் மகளின் டயரியில் எழுதி அனுப்ப வேண்டாம். என்னிடமே பேசுங்கள். என் கைப்பேசி எண் அலுவலகத்தில் இருக்கிறது. ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி நெருங்கினால் தவறாமல் அழைக்கும் அதே எண்தான்.